இரண்டு கார்ட், ஒரு பந்து

"உவன் பொயின்ற் கார்ட் இல்லையடா. உவன் புள்ளி எடுக்கிறவன்." அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கற்போலில் ஆடுகிற டைரீஸ் மக்ஸியைப் பற்றி அண்ணை சொன்ன இந்தக் கதை கொஞ்சக் காலமாக என்னைப் போட்டு அரிக்கிறது. சொந்த அண்ணை இல்லை. எனக்கு முந்தின செற்றில் ஆடியவர், பிறகு பல வருசம் பெடியளைப் பழக்கினவர், இன்றைக்கும் பின்னேரமானால் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுக் கோர்ட்டடியில் வந்து நிற்பவர். பாஸ்கற்போலில் அவர் சொல்வதை இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட என்னால் ஏலாது. அவரிடம்தான் பந்தைக் குனிந்து பார்க்காமல் தட்டப் பழகினேன். அவருடைய கணக்கில் பொயின்ற் கார்டுக்கு ஒரே வேலைதான்: பந்தைப் பத்திரமாகக் கொண்டு வந்து, ஆளைக் கூப்பிட்டு, சரியான கையில் கொடுத்துவிட வேண்டும். ரிங்குக்குப் பந்தை அடிக்கிறவன் வேறு. பங்கு வைக்கிறவன் ரிங்கை நிமிர்ந்து பார்த்தாலே அண்ணைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

யாழ்ப்பாணத்தில் இது அவர் ஒருவருடைய எண்ணம் மட்டும் இல்லை. எங்கள் பாடசாலைக் கோர்ட்டுகளில் எந்தப் பயிற்சியை நின்று பார்த்தாலும் இதுதான். வந்த பெடியளை உயரத்தின்படி நிறுத்துவார்கள். நெட்டையானவர்கள் ரிங்குக்குக் கீழே போவார்கள். ஆகச் சின்னவனிடம் பந்தைக் கொடுத்து, "நீ கொண்டு வந்து குடு, அடிக்காதை" என்பார்கள். பன்னிரண்டு வயதில் சொன்ன அந்தச் சொல் அவன் ஏ.எல். முடிக்கும் மட்டும் கூடவே வரும். கடைசியில் அவன் நல்லாக ஓடுவான், நல்லாகப் பார்ப்பான், நல்லாகக் கொடுப்பான். ஆனால் முன்னால் நிற்பவன் ஒதுங்கி நின்று "அடி பாப்பம்" என்று இடம் விட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான்.

அண்ணையோடு இதில் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு மக்ஸியும் அவர் ஆடும் பிலடெல்பியா அணியும்தான் என்னிடம் இருக்கும் ஆகப் பெரிய சாட்சி.

அண்ணை கேட்ட பொயின்ற் கார்ட்

மக்ஸிக்கு முன் பிலடெல்பியாவில் பந்தைக் கொண்டு வந்தவர் பென் சிம்மன்ஸ். அண்ணையின் அளவுகோலால் அளந்தால் அவரைவிடத் திறமான பொயின்ற் கார்டைத் தேடிப் பிடிக்கேலாது. உயரம் 2.08 மீற்றர். கோர்ட்டின் இந்த முனையில் நின்றபடியே அந்த முனையில் ஆர் தனியே நிற்கிறான் என்று கண்டுவிடுவார். 2018இல் ஆண்டின் சிறந்த புதுமுகம், பிறகு மூன்று தடவை ஓல்-ஸ்ரார், அதாவது சீசனின் திறமான ஆட்டக்காரருக்குள் ஒருவராகத் தெரிவு. டிபென்ஸில் எதிரணியின் எந்த ஆளையும் மறிப்பார். இத்தனை இருந்தும் அவர் தூரத்தில் இருந்து அடிக்க மாட்டார். அடிக்கத் தெரியாது என்பதைவிட அடிக்க விரும்பவில்லை என்றுதான் எனக்குப் படும்.

2021 ஜூன். இங்கே கொரோனாப் பயணத்தடைக் காலம். விடியப்புறம் வீட்டில் எல்லோரும் நித்திரை, நான் போனில் அற்லாண்டாவுக்கு எதிரான பிளே-ஓஃப் (சீசன் முடிவில் நடக்கும் நொக்கவுட் சுற்று) தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார், தோற்றவர் வீட்டுக்குப் போவார். கடைசிக் குவாட்டரில் மூன்றரை நிமிடமளவில் இருக்கும்போது பிலடெல்பியா இரண்டு புள்ளி பின்னால். சிம்மன்ஸ் ரிங்குக்குக் கிட்ட முதுகைக் காட்டிப் பந்தை வாங்கினார். மறித்தவரைச் சுழன்று கடந்தார். இனி முன்னால் நிற்பது டிரே யங் மட்டும்தான், சிம்மன்ஸைவிட எவ்வளவோ கட்டையான ஆள். இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி ரிங்குக்குள் திணித்தால் ஆட்டம் சமன். சிம்மன்ஸ் திணிக்கவில்லை. பக்கத்தில் ஓடி வந்த மத்தீஸ் தைபுலுக்குப் பந்தைக் கொடுத்தார். தைபுலுக்கு ஃபவுல் விழுந்தது. கிடைத்த இரண்டு ஃப்ரீ துரோவில் ஒன்று உள்ளே போனது, ஒன்று போகவில்லை. சமனாகி இருக்க வேண்டிய ஆட்டம் ஒரு புள்ளி பின்னாலேயே நின்று, பிறகு கைவிட்டே போனது. 103–96.

அந்தப் பாஸை நான் எத்தனையோ தரம் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அண்ணைக்கும் போட்டுக் காட்டினேன். "ஆள் இருந்தான், குடுத்தான். அதில என்ன பிழை?" என்றார். பாஸை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் பிழை இல்லைத்தான். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பாஸ் ஏன் வந்தது? அந்த பிளே-ஓஃப் முழுவதும் சிம்மன்ஸ் 73 ஃப்ரீ துரோ அடித்து 25தான் போட்டிருந்தார். உள்ளே ஏறினால் ஃபவுல் வரும், ஃபவுல் வந்தால் கோட்டில் தனியே நின்று அடிக்க வேண்டும், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பயத்தில் இருந்து பிறந்த பாஸ் அது. எதிரணிக்கும் அது தெரியும். அவர் அடிக்க மாட்டார் என்று தெரிந்தபடியால் அவரை மறிக்க வேண்டியவன் நாலு அடி பின்வாங்கிப் போய், ரிங்குக்குக் கிட்ட ஆடும் பிலடெல்பியாவின் நெட்டை நட்சத்திரம் ஜோயல் எம்பீட்டை மறிக்க உதவி செய்தான். எம்பீட் இருவருக்கு நடுவில் நெரிபட்டார். கொடுக்க மட்டும் தெரிந்தவன் கையில் பந்து இருந்தால் மற்ற நாலு பேருக்கும் இடம் சுருங்கிப்போகும். பங்கு வைக்கிறவனால் மற்றவர்களுக்கு லாபம் என்ற கணக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது. இதை நான் சொன்னபோது அண்ணை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

சிம்மன்ஸைக் குறை சொல்லி மகிழ எனக்கு மனம் வராது. அதற்குப் பிறகு அவர் பிலடெல்பியாவுக்காக ஆடவே இல்லை. 2022 பெப்ரவரியில் இன்னொரு பெரிய கார்டான ஜேம்ஸ் ஹார்டனுக்கு மாற்றாக புரூக்ளின் போனார். முதுகு நோவும் மன உளைச்சலும் அவரைப் படுத்தியது உலகத்துக்கே தெரியும். அவ்வளவு ஆற்றல் உள்ள ஒருவனுக்குச் சின்ன வயதிலேயே "நீ அடி, தவறினால் பரவாயில்லை" என்று ஆரும் சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை போகும்.

முப்பதில் இருந்து நாற்பத்திரண்டு

சிம்மன்ஸ் விட்ட இடத்தில் 2021 ஒக்ரோபரில் வந்து நின்றவர் மக்ஸி. அதற்கு முந்தின வருசம் டிராஃப்டில், அதாவது அணிகள் புதுப் பெடியளை வரிசைப்படி தெரிவு செய்வதில், 21ஆவதாக எடுபட்ட பெடியன். முதல் சீசனில் சராசரி எட்டுப் புள்ளி. கால் வேகம் பயங்கரம், ஆனால் தூரத்துக் கோட்டுக்கு வெளியில் இருந்து எறியும் மூன்று புள்ளி எறிகளில் உள்ளே போனது 30.1 சதவீதம்தான். எதிரணி அவரையும் சிம்மன்ஸைப் போலத்தான் விட்டுவைத்தது: வெளியில் இருந்து அடிக்கட்டும், உள்ளே மட்டும் விடாதே. அடுத்த சீசனில் அதே பெடியன் 42.7 சதவீதம் அடித்தார். சராசரி 17.5 புள்ளி.

மக்ஸியின் முன்னேற்றம் என்று ஆரும் பேசினால் பிறகு வந்த பெரிய எண்களைத்தான் சொல்வார்கள். நான் இந்த ஒரு பாய்ச்சலைத்தான் சொல்வேன். மற்ற எல்லாவற்றுக்கும் அத்திவாரம் இதுதான். விடியக்காலையில் மற்றவர்கள் எழும்ப முதலே ஜிம்முக்குப் போய் அடித்துப் பழகுகிற ஆள் என்பது அவருடைய அணியைப் பின்தொடர்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அடி வந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். மறிக்கிறவன் கோடு வரைக்கும் ஏறி வந்து ஒட்டி நிற்க வேண்டி வந்தது. ஒட்டி நின்றால் மக்ஸியின் முதல் எட்டை அவனால் பிடிக்க ஏலாது. கடந்து உள்ளே போனால் இரண்டாவது ஆள் உதவிக்கு வந்தே ஆக வேண்டும். இரண்டாவது ஆள் வந்தால் எங்கேயோ ஒருவன் தனியே நிற்பான். அப்போதுதான் பாஸ் பிறக்கும், அதுவும் பயத்தில் பிறக்காத பாஸ். ஹார்டன் 2023 சீசன் தொடங்கின கையோடு கிளிப்பர்ஸுக்குப் போய்விட, பந்து முழுவதும் மக்ஸியிடம் வந்தது. அந்தச் சீசன் சராசரி 25.9 புள்ளி, 6.2 அசிஸ்ற் (மற்றவன் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). ஆண்டின் ஆகக் கூட முன்னேறியவர் என்ற விருது. என்னை வாய் பிளக்க வைத்தது வேறொன்று: இவ்வளவு நேரம் பந்தைக் கையில் வைத்திருந்தும் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 1.7 தரம்தான் பந்தைப் பறிகொடுத்தார். அண்ணை கேட்கிற "பத்திரமாகக் கொண்டு வா" என்பதை இந்தப் புள்ளி எடுக்கிறவனைப் போல ஆர் செய்தது?

2024 மே தினம். எங்களுக்கு லீவு நாள், அங்கே இன்னும் ஏப்ரல் 30 இரவு. நியூயோர்க்கில் பிளே-ஓஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. அரை நிமிடம்கூட இல்லை, ஆறு புள்ளி பின்னால். மக்ஸி மூன்று புள்ளி அடிக்க, மிச்சல் ரொபின்சன் ஃபவுல் பண்ண, கூடவே ஒரு ஃப்ரீ துரோ. நாலு புள்ளி. நியூயோர்க் ஒரு புள்ளி சேர்த்தது. மக்ஸி பந்தைக் கொண்டு வந்து கோட்டுக்கு எவ்வளவோ பின்னால் நின்று, ஆரும் எதிர்பார்க்காத தூரத்தில் இருந்து இன்னொன்று அடித்தார். சமன். மேலதிக நேரத்தில் 112–106 வெற்றி. மக்ஸிக்கு 46. தொடரை அடுத்த ஆட்டத்தில் நியூயோர்க்தான் வென்றது, அது வேறு கதை. ஆனால் மூன்று வருசத்துக்கு முன் ரிங்குக்குக் கீழேயே எறிய மறுத்த அணிக்கு, நடுக்கோட்டில் இருந்து கொஞ்சம் தள்ளி நின்று எறியக்கூடிய ஒருவன் கிடைத்துவிட்டான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது.

பக்கத்தில் நிற்பவன்

அதற்கு அடுத்த சீசனைப் பற்றி நீட்டிக் கதைக்க ஒன்றும் இல்லை. காயங்களால் எம்பீட் ஆடியது 19 ஆட்டம், இன்னொரு நட்சத்திரம் போல் ஜோர்ஜ் 41, மக்ஸியே 52. 24 வெற்றி, 58 தோல்வி. எல்லாப் பாரத்தையும் தனியே இழுத்ததில் அவருடைய மூன்று புள்ளியும் 33.7 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு கார்ட் எவ்வளவு முன்னேறினாலும் பக்கத்தில் இன்னொருவன் இல்லாவிட்டால் இவ்வளவுதான் என்பதை அந்த வருசம் காட்டியது. எதிரணி இரண்டு பேரை அனுப்பிப் பந்தை அவர் கையில் இருந்து எடுத்துவிடும். பிறகு அதைக் கொண்டு போக ஆள் இருக்காது.

அந்தத் தோல்விகள் கொண்டு வந்த மூன்றாவது டிராஃப்ட் இடத்தில்தான் வி.ஜே. எட்ஜ்கோம்ப் வந்தார். பஹாமாஸின் பிமினி என்ற சின்னத் தீவுப் பெடியன், ஜெனரேட்டரை நம்பி ஓடிய வீட்டில் வளர்ந்தவர். ஜாம்போத்தல் விளக்கில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த ஒரு வரி போதும், அவன் பக்கம் சாய்வதற்கு. அதற்காக மட்டும் நான் அவரைத் தூக்கிப் பிடிக்கவில்லை. 2025 ஒக்ரோபர் 22, பொஸ்ரனில் முதல் ஆட்டம். இங்கே கந்தசஷ்டி விரத நாட்கள். விடியக் கோயில் லவுட் ஸ்பீக்கரில் கவசம் போய்க்கொண்டிருக்க, போனில் இந்த இருபது வயதுப் பெடியன் முதல் குவாட்டரிலேயே 14 அடித்துவிட்டான். முடிவில் 34. அறிமுக ஆட்டத்தில் இதைவிடக் கூட எடுத்தவர்கள் இருவர்தான்: 1954இல் ஃபிராங்க் செல்வி 35, 1959இல் வில்ற் சாம்பர்லைன் 43. அதே ஆட்டத்தில் மக்ஸி 40. ஒரு புள்ளியால் வெற்றி, 117–116.

புள்ளிகளைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தேன். ரிபவுண்ட் (தவறித் திரும்பி வரும் பந்து) எடுத்ததும் எட்ஜ்கோம்ப் தானே பந்தைத் தட்டிக்கொண்டு ஏறினார். மக்ஸி பந்தைக் கேட்கவில்லை. மூலைக்கு ஓடிப்போய் நின்றார். அங்கே அவர் நிற்பதால் ஒருவன் அவரை விட்டு நகர ஏலாது, நடு வெறிச்சென்று திறந்து கிடந்தது. அடுத்த முறை மக்ஸி கொண்டு வந்தார், எட்ஜ்கோம்ப் பின்பக்கத்தால் வெட்டி ஓடினார். இருவரும் கொண்டு வரலாம், இருவரும் எறியலாம், பந்து இல்லாமல் இருவருக்கும் வேலை இருக்கிறது. வண்டிலில் இரண்டு மாடும் சமமாக இழுத்தால்தான் வண்டில் ஒரு பக்கம் சரியாது. இவ்வளவு காலம் பிலடெல்பியாவில் ஒற்றை மாடு. 

பயம் இல்லாமல் இல்லை. பயிற்றுநர் நிக் நேர்ஸ், ராப்டர்ஸை 2019இல் சாம்பியனாக்கிய ஆள், நம்பினவனை வெளியில் எடுக்கவே மாட்டார். 2025–26 சீசனின் தொடக்கத்தில் மக்ஸி ஒரு இரவுக்கு நாற்பது நிமிடமளவில் ஆடினார். எங்கள் பாடசாலை ஆட்டமே மொத்தம் நாற்பது நிமிடம்தான். இப்படி ஆடினால் சீசன் முடிகிற நேரம் அந்தக் கால்கள் எப்படி இருக்கும்? உயரமும் ஒரு கேள்விதான். 1.88 மீற்றர் ஆள் பிளே-ஓஃபில் பெரிய கார்டுகளை மறிக்க வேண்டி வரும். எட்ஜ்கோம்ப் டிபென்ஸில் கெட்டிக்காரன், அந்தப் பாரத்தில் பாதியை அவர் எடுக்கக்கூடும். எடுப்பார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் கோர்ட்டில்

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருக்கிறான், பதினாறு வயது, ரீமில் ஆகக் கட்டை. அவனைப் பார்க்கத்தான் இந்தக் கதை எல்லாம் எனக்குச் சும்மா அமெரிக்கக் கதையாகத் தெரியவில்லை. மாவட்டத்தில் அரைவாசி அணி டூ-த்ரீ சோன்தான் போடும்: முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், ஆளை அல்ல இடத்தை மறிப்பார்கள். இவன் பந்தோடு மேலே வந்து நின்றால் முன்னால் நிற்கும் இருவரும் இவனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கையை விரித்துக்கொண்டு பின்னால் போய் உள்ளே நிற்கிற நெட்டைப் பெடியனை மூடுவார்கள். இவன் அந்த மூடின கைகளுக்கு மேலால் பந்தைக் கொடுக்கப் பார்ப்பான், பறிபோகும். வெளியில் நின்று "பாத்துக் குடு, பாத்துக் குடு" என்று கத்துவார்கள். அவன் பார்த்துத்தான் கொடுக்கிறான். கொடுக்க இடம் இல்லை. 6.75 மீற்றர் கோட்டில் ஆள் இல்லாமல் தனியே நிற்கிறான், இரண்டு எறிந்தால் சோன் தானாக உடையும். எறிந்து தவறினால் வெளியில் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

மழை இல்லாத ஒரு பின்னேரம் அவனை நிற்பாட்டி எறியச் சொன்னேன். பந்து தேய்ந்து வழுவழுத்துக் கிடந்தது, ரிங்கில் வலை இல்லை. முதலில் கை நெஞ்சில் இருந்து புறப்பட்டது, தள்ளுகிற எறி. முழங்கையை உள்ளே கொண்டு வந்து, நெற்றிக்கு மேலால் விடச் சொன்னேன். முழங்கால் மடிந்து நிமிரும்போதே பந்து கையை விட்டுப் போக வேண்டும் என்றேன். கனதரம் ரிங்கிலேயே படவில்லை. பிறகு பட்டது. இருட்டுப்பட முதல் சிலது உள்ளே போனது. அவன் சிரிக்கவில்லை. "சேர், மச்சில எறியலாமோ?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்வியைத்தான் அண்ணையிடம் கொண்டு போனேன். மக்ஸியை விட்டுவிடுங்கோ அண்ணை, இந்தப் பெடியனை எறிய விடுவமோ என்று கேட்டேன். சோன் எப்படித் திறக்கும் என்று நிலத்தில் கல்லு வைத்துக் காட்டினேன். இவனோடு கூட நிற்கிற மற்றக் கார்ட் வேகமான பெடியன், நல்லாகத் தட்டுவான், ஆனால் அவனை மூலையில் சும்மா நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். இருவரையும் மாறி மாறிப் பந்தைக் கொண்டு வர விட்டால், ஒருவன் கொண்டு வர மற்றவன் கோட்டில் அடிக்கத் தயாராக நிற்பான். அண்ணை கல்லுகளைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தானே எடுத்து மூலையில் இருந்து நடுவுக்கு நகர்த்தினார். "இவன் எறிஞ்சு தவறினா ரிபவுண்டுக்கு உள்ளுக்கு ரெண்டு பேர் வேணும். அதையும் பழக்கவேணும்" என்றார்.

மக்ஸி பொயின்ற் கார்ட் என்று அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தையில் வரும் பயிற்சி ஆட்டங்களில் முதல் இரண்டு குவாட்டரும் பெடியன் எறியலாம், தவறினாலும் வெளியில் எடுப்பதில்லை என்று ரீமைப் பழக்குகிற தம்பியிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்.